காதலிக்க மறுத்தா கொலை: கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் நடந்துருக்கு?

"காதலிக்க மறுத்த பெண்ணுக்கு கத்திக்குத்து", "ஒருதலைக் காதலால் விபரீதம்". வருஷத்துக்கு சில தடவையாவது இப்படி ஒரு தலைப்பு வருது, ஊரும் பேரும்தான் மாறுது. கீழ கமெண்ட்ல கேக்குற கேள்வியும் மாறுறதில்ல. திடீர்னு எப்படி ஒருத்தன் இப்படி மாறுவான், உண்மையா லவ் பண்ணவன் எப்படி கொல்லுவான், அந்தப் பொண்ணு ஏன் முன்னாடியே போலீஸுக்கு போகல. மூணு கேள்வியுமே தப்பான இடத்துல இருந்து ஆரம்பிக்குது. இந்தக் கொலைகள்ல பெரும்பாலானது திடீர்னு நடந்தது கிடையாது, மாசக்கணக்குல, சிலது வருஷக்கணக்குல பல பேர் கண்ணு முன்னாடி வளர்ந்து வந்தது. அது எப்படி வளருது, சட்டம் எந்த இடத்துல கைய விடுதுங்கறத அடிப்படைல இருந்து பார்ப்போம்.

முதல்ல, நடந்தது என்ன

2012 நவம்பர்ல காரைக்கால்ல ஒரு இளம் இன்ஜினியர் மேல, கல்யாணத்துக்கு சம்மதிக்கலன்னு ஒருத்தன் ஆசிட் ஊத்தினான். 2013 பிப்ரவரில அவங்க இறந்துட்டாங்க. 2016 ஆகஸ்ட் 30ஆம் தேதி கரூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கிளாஸ்ரூமுக்குள்ளயே புகுந்து ஒரு மாணவிய கட்டையால அடிச்சுக் கொன்னாங்க, அடுத்த நாளே தூத்துக்குடில சர்ச்சுக்குள்ள ஒரு டீச்சர வெட்டிக் கொன்னாங்க. 2018 மார்ச்ல சென்னை கே.கே. நகர்ல காலேஜ் வாசல்ல ஒரு மாணவி. 2022 அக்டோபர் 13ஆம் தேதி பரங்கிமலை ஸ்டேஷன்ல ஓடுற ரயில் முன்னாடி தள்ளிவிடப்பட்ட மாணவி. 2024 நவம்பர்ல தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்துல அரசுப் பள்ளிக்குள்ளயே குத்திக் கொல்லப்பட்ட இளம் ஆசிரியை.

2016 ஜூன் 24 நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் கொலையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கேஸ்ல கைதானவர் விசாரணைக்கு முன்னாடியே புழல் சிறையில இறந்துட்டார், தற்கொலைன்னு சிறைத்துறை சொன்னத குடும்பம் ஏத்துக்கல, அதனால யார் கொன்னாங்கன்னு கோர்ட் தீர்ப்புன்னு ஒண்ணு கிடையாது. ஆனா கொலை நடந்த சில நாள்லயே சோஷியல் மீடியால செத்துப்போன பொண்ணோட ஒழுக்கத்த பத்தி பேச ஆரம்பிச்சாங்களே, அது மத்த கேஸ்லயும் அப்படியே நடக்குது.

நடந்த இடங்கள கவனிங்க. கிளாஸ்ரூம், சர்ச், காலேஜ் வாசல், ரயில்வே பிளாட்ஃபார்ம், ஸ்கூல். எல்லாமே அந்தப் பொண்ணு வழக்கமா எத்தன மணிக்கு எங்க இருப்பான்னு தெரிஞ்சவன் மட்டும்தான் வர முடியுற இடம். பல நாள் பின்னாடி சுத்தினாதான் ஒருத்தரோட நேரம் காலம் அவ்வளவு துல்லியமா தெரியும்.

பின்தொடர்தல்தான் முதல் அறிகுறி

பிரிட்டன்ல குளோஸ்டர்ஷைர் பல்கலைக்கழகம் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஆண்கள் பெண்கள கொன்ன 358 கேஸ் ஃபைல எடுத்து பின்னோக்கிப் பார்த்தாங்க, அதுல 94 சதவீதத்துல கொலைக்கு முன்னாடி பின்தொடர்தல் நடந்துருக்கு. அங்க பாதிக்கப்பட்டவங்கள்ல நிறைய பேர் முன்னாள் மனைவி, முன்னாள் காதலி. நம்ம ஊர்ல சம்மதமே சொல்லாத பொண்ணுங்களும் அதிகம் வர்றாங்க. ஆனா போற பாதை ஒண்ணுதான், இங்க அது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

1. பஸ் ஸ்டாப், ஸ்டேஷன், டியூஷன், காலேஜ் வாசல்ல தினமும் வந்து நிக்கறான். பார்க்கறவங்க "பையன் ரூட்டு விடுறான்"னு சிரிச்சுட்டு போறாங்க.

2. யாரோ ஒரு ஃப்ரெண்டு நம்பர் வாங்கித் தர்றான். கால், மெசேஜ், பிளாக் பண்ணா வேற நம்பர், இன்ஸ்டால வேற ஐடி.

3. அவ தெளிவா இல்லைன்னு சொல்றா. அது பதிலா எடுத்துக்கப்படறதில்ல, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணனும்னு அர்த்தமாயிடுது. கைய அறுத்துக்கிட்டு போட்டோ அனுப்பறது, செத்துடுவேன்னு சொல்றது எல்லாம் இந்தக் கட்டத்துல வரும். இத பாசம்னு நினைச்சு பரிதாபப்படறவங்க உண்டு, ஆனா இது மிரட்டல்.

4. ரெண்டு வீட்டுக்கும் விஷயம் போகுது. பெரியவங்க உட்கார்ந்து பேசி "இனிமே வர மாட்டான்"னு முடிச்சு வைக்கறாங்க, சிலர் ஸ்டேஷன் வரைக்கும் போறாங்க.

5. அவளுக்கு ஏதோ ஒரு மாற்றம் வருது. நிச்சயதார்த்தம், வேலை, ஊர் மாறுறது, இல்ல புகார் கொடுத்தது. இனிமே இவ நம்ம கைக்கு வர மாட்டான்னு அவனுக்கு உறுதியாகுற நேரம் அது. ஆபத்து உச்சத்துல இருக்கறதும் அந்த நேரத்துலதான், ஆனா வீட்டுல எல்லாரும் "அப்பாடா, முடிஞ்சுது"ன்னு மூச்சு விடுறதும் அதே நேரத்துலதான்.

அவன் மனசுல இருக்கற கணக்கு

பெண் வெறுப்புன்னு சொன்னதும் நிறைய பேர் சண்டைக்கு வர்றாங்க, "எங்க பசங்க அம்மாவ தெய்வமா கும்பிடுறாங்க, தங்கச்சிக்காக உயிரையே குடுப்பாங்க, அவங்கள போய் பெண்கள வெறுக்கறவங்கன்னு எப்படி சொல்றீங்க"ன்னு. பெண் வெறுப்புன்னா எல்லாப் பொண்ணையும் எந்நேரமும் வெறுக்கறதுன்னு நினைச்சுக்கறதால வர்ற குழப்பம் இது. பொண்ணுன்னா இதெல்லாம் தரணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அன்பு, கவனிப்பு, கீழ்ப்படிதல், உடம்பு, அடக்கமான சிரிப்பு. தர்ற வரைக்கும் தெய்வம், தர மாட்டேன்னு சொன்ன நிமிஷம் "திமிரு புடிச்சவ". அந்த மாட்டேனுக்கு தண்டனை தரணும்னு கிளம்புதே, அதுதான் பெண் வெறுப்பு. அம்மாவ கும்பிடுறவனுக்குள்ளயும் அது தாராளமா இருக்கலாம்.

இதுக்கு அடியில இருக்கறது, பொண்ணு எனக்கு சேர வேண்டியவங்கற நினைப்பு. கைதான பிறகு இப்படிப்பட்டவங்க பேசுறத கவனிச்சா தெரியும், கடன் வசூல் பண்ண வந்தவன் மாதிரி பேசுவான். "எவ்வளவு செலவு பண்ணேன் தெரியுமா", "மூணு வருஷமா சுத்தினேன்", "என்கிட்ட சிரிச்சு பேசிட்டு இப்ப இல்லன்றா". அவ கேட்காமயே இவன் போட்ட முதலுக்கு அவ வட்டி கட்டணும்னு எதிர்பார்க்கறான். ஏமாந்தவன் தான்தான்னு அவன் நெஜமாவே நம்புறான். அதனாலதான் வெறி தலைக்கேறி செஞ்சுட்டான்னு சொல்றது பொருந்தல. அருவாள முன்கூட்டியே வாங்கி, பையில மறைச்சு, சரியான பிளாட்ஃபார்ம்ல வந்து காத்திருக்கறவன் நிதானமாத்தான் இருக்கான்.

இந்த நினைப்பு காதல்ல மட்டும் வர்றதில்ல. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சாதி மாறி கல்யாணம் பண்ண ஒரு தலித் இளைஞர பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க, கூட இருந்த மனைவியையும் வெட்டினாங்க. அங்க ஒரு பொண்ணு தனக்குப் பிடிச்சவனுக்கு ஆமான்னு சொன்னா. அஞ்சு மாசம் கழிச்சு கரூர்ல ஒரு பொண்ணு பிடிக்காதவனுக்கு இல்லைன்னு சொன்னா. ஒண்ணுல சொந்தம் கொண்டாடுனது சாதி, இன்னொண்ணுல தனி ஆள். முடிவு எடுக்கறது பொண்ணு இல்லங்கறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பின்தொடர்ற பசங்க பிரச்சினைய "நாடகக் காதல்"னு, அதாவது தலித் பசங்க திட்டம் போட்டு மத்த சாதிப் பொண்ணுங்கள காதலிக்கற மாதிரி நடிக்கறாங்கன்னு, ஒரு சாதி மேல திருப்பிவிடுறவங்களும் இருக்காங்க, அவங்க அக்கறை பொண்ணு மேல இல்ல, பொண்ணு யாருக்கு சொந்தங்கறதுலதான்.

சட்டம் வந்த கதை

1998ல சென்னையில ஆட்டோவுல வந்த ஒரு கும்பல் ஒரு காலேஜ் மாணவிகிட்ட அத்துமீறி, கீழ விழுந்து அடிபட்டு அந்தப் பொண்ணு இறந்துட்டா. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் கொண்டு வந்துச்சு, பின்னாடி பெண்கள் மீதான துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்னு பேர் மாறுச்சு. ஆனா பின்தொடர்தலுக்குன்னு தனியா ஒரு பிரிவு இந்தியாவுல அப்பவும் கிடையாது.

அது வந்தது 2013ல. 2012 டிசம்பர் டெல்லி கொடுமைக்கு அப்புறம் நீதிபதி வர்மா கமிட்டி அறிக்கை கொடுத்து, இந்திய தண்டனைச் சட்டத்துல 354டி பிரிவு சேர்ந்துச்சு. இப்ப அதுவே பாரதிய நியாய சன்ஹிதால 78ஆவது பிரிவு. ஒரு பொண்ணு விருப்பம் இல்லைன்னு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்ப பின்னாடி போறது, தொடர்பு கொள்றது, அவளோட இன்டர்நெட் பயன்பாட்ட வேவு பார்க்கறது, எல்லாம் குற்றம். முதல் தடவை மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டாவது தடவை அஞ்சு வருஷம் வரைக்கும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா வயிறு எரியும். பின்தொடர்தல ஜாமீன்ல விட முடியாத குற்றமாத்தான் முதல்ல மசோதாவுல வச்சிருந்தாங்க. கட்சிகள் எதிர்த்தாங்க, பொய் புகார் வரும், பசங்க வாழ்க்கை கெட்டுடும்னு. 2013 மார்ச்ல லோக்சபா விவாதத்துல ஐக்கிய ஜனதா தள எம்.பி. சரத் யாதவ் எந்திரிச்சு, நம்மள்ல யார்தான் பொண்ணுங்க பின்னாடி போகல, பேசணும்னா முயற்சி பண்ணத்தானே வேணும்ங்கற அர்த்தத்துல பேசினார், சபையில சிரிப்பு. கடைசில முதல் தடவைன்னா ஜாமீன் உண்டுன்னு மாத்திட்டாங்க. நாட்டுக்கு சட்டம் எழுதுற இடத்துலயே பின்னாடி சுத்துறது இளமைக்கால குறும்புன்னு நம்பினாங்கன்னா ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்.

ஸ்டேஷன் டேபிள்ல நடக்குறது

பொண்ணும் அப்பாவும் புகாரோட போறாங்க. வாங்கிக்கறாங்க, சி.எஸ்.ஆர். ரசீது ஒண்ணு தர்றாங்க. நிறைய பேர் இத கேஸ் போட்டதா நினைச்சுக்கறாங்க, ஆனா சி.எஸ்.ஆர்.ங்கறது புகார் வந்துச்சுன்னு ஒரு பதிவு மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். கிடையாது. அடுத்து பையன கூப்பிடுறாங்க, ரெண்டு தட்டு தட்டறாங்க, அவன் அம்மா அழறாங்க. "இனிமேல் இந்தப் பெண்ணை எந்தத் தொந்தரவும் செய்ய மாட்டேன்"னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி வாங்கறாங்க. "கேஸுன்னு போனா பொண்ணு பேரும் கெடும் சார், நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யோசிங்க"ன்னு அப்பாவுக்கு அறிவுரை. ரெண்டு வீட்டையும் ஒரே பெஞ்ச்ல உட்கார வச்சுட்டு அனுப்பறாங்க.

அந்தப் பேப்பருக்கு சட்டத்துல பெருசா எந்த பலமும் இல்ல. அதவிட மோசம், எஃப்.ஐ.ஆர். இல்லாததால அடுத்த தடவை வந்தாலும் அவன் முதல் தடவைதான், ரெண்டாவது குற்றத்துக்கான கடுமையான தண்டனை அவன் பக்கத்துலயே வராது. அவன் கத்துக்கிட்டது, போலீஸுக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாதுங்கறது. அவ கத்துக்கிட்டதும் அதேதான்.

வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013லயே லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு மாதிரி சில குற்றங்கள்ல எஃப்.ஐ.ஆர். போட மறுக்குற அதிகாரிக்கே ஜெயில்னு தனிப் பிரிவும் இருக்கு, ஆனா அந்தப் பட்டியல்ல பின்தொடர்தல் இல்ல. ஆசிட் ஊத்தினப்புறம் மறுத்தா அதிகாரி மாட்டுவார், ஆசிட்டோட சுத்துறான்னு சொல்லும்போது மறுத்தா இந்தப் பிரிவுல ஒண்ணும் பண்ண முடியாது.

கே.கே. நகர் மாணவி விஷயத்துல புகார் போய், கைதும் ஆகி, வெளிய வந்தவன்தான் கொன்னான். பரங்கிமலைல கொல்லப்பட்ட பொண்ணோட அம்மா போலீஸ்ல வேலை பார்த்தவங்க. "ஏன் முன்னாடியே போலீஸுக்குப் போகல"ன்னு கேக்கறவங்க இந்த ரெண்டு கேஸையும் படிக்கணும்.

வீட்டுல சொன்னா என்ன ஆகும்

ஸ்டேஷன் வரைக்கும் வர்றவங்களே கொஞ்சம்தான். சொன்னா முதல்ல நிக்கறது அவளோட படிப்பு. போன பிடுங்குவாங்க, காலேஜ நிறுத்துவாங்க, அவசர அவசரமா மாப்பிள்ளை பார்ப்பாங்க. "நீ என்ன பண்ண, உன்ன மட்டும் ஏன் சுத்துறான்"னு அம்மாவே கேப்பாங்க. தப்பு பண்ணவன் தெருவுல சுத்த, ஒண்ணும் பண்ணாதவ வீட்டுக்குள்ள அடைபட்டு கிடப்பா. இந்த விலை தெரிஞ்சுதான் நிறைய பொண்ணுங்க பஸ்ஸ மாத்தி, நேரத்த மாத்தி, ஃப்ரெண்ட்ஸ துணைக்கு வச்சுக்கிட்டு தனியா சமாளிக்கறாங்க. அவங்க பேசாததுக்கு காரணம் அவனவிட வீட்ட நினைச்சு வர்ற பயம்.

கல்யாணம் ஆனா தீர்ந்துடும்ங்கறதும் நெஜமில்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டுல கல்யாணமான 18-49 வயசுப் பொண்ணுங்கள்ல சுமார் 38 சதவீதம் பேர் கணவன்கிட்ட வன்முறைய அனுபவிச்சிருக்காங்க, இந்திய சராசரி 29 சதவீதம்தான். 2022ல இந்தியா முழுக்க பதிவான பெண்களுக்கு எதிரான குற்ற வழக்கு 4,45,256, அதுல பெரிய பங்கு, 31 சதவீதத்துக்கு மேல, கணவனும் அவன் சொந்தக்காரங்களும் பண்ண கொடுமை. ஐ.நா. கணக்குப்படி 2023ல உலகம் முழுக்க சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் இல்லைன்னா குடும்பத்து ஆளுங்க கையால செத்துருக்காங்க, ஒரு நாளைக்கு 140 பேர். பிளாட்ஃபார்ம்ல வெட்டினா தலைப்புச் செய்தி, சமையலறையில நடந்தா மூணாம் பக்கத்துல நாலு வரி.

சினிமாவும் இணையமும்

சினிமா பார்த்துதான் கொல்றான்னு சொல்றது சோம்பேறித்தனமான வாதம். ஆனா தமிழ் சினிமா பல வருஷமா ஒரு பாடத்த திரும்பத் திரும்ப நடத்திருக்கு: முதல்ல முறைப்பா, அடுத்து திட்டுவா, விடாம சுத்தினா இன்டர்வெல்லுக்குள்ள சிரிப்பா. கூடவே அவ ஏத்துக்கலன்னா அவள திட்டி ஒரு சூப் சாங், காதல் தோல்விப் பாட்டு. ஒருத்தன கொலைகாரன் ஆக்கறது இது இல்ல, சுத்தி இருக்கற நூறு பேர கைதட்ட வைக்கறது இதுதான். அந்த நூறு பேருக்கும் அவன் பண்றது தொந்தரவா தெரியல, காதலா தெரியுது.

மேற்கு நாடுகள்ல இதே நினைப்பு இணையத்துல கூட்டமா திரண்டுச்சு, இன்செல்னு தங்களுக்கே பேர் வச்சுக்கிட்டாங்க, பொண்ணுங்க தங்கள மறுக்கறது அநியாயம்னு புலம்புற ஆண்கள். 2014ல கலிஃபோர்னியா ஐலா விஸ்டால ஒருத்தன் ஆறு பேர கொன்னான், பொண்ணுங்க தன்ன ஏத்துக்காததுக்கு பழி வாங்கறேன்னு வீடியோ போட்டுட்டு. 2018 டொராண்டோ வேன் தாக்குதல்காரன் அவன புகழ்ந்து ஃபேஸ்புக்ல எழுதிட்டு வந்தவன். நம்ம ஊர்ல கொலைகாரன் ஒரு பொண்ண குறி வைக்கறான், அங்க பொண்ணுங்க எல்லாரையும் சேர்த்து குறி வச்சான். இப்ப அந்தப் பேச்சு ரீல்ஸ் வழியா தமிழ்லயும் வர ஆரம்பிச்சிருக்கு.

மத்த நாடுகள் எங்க கை வச்சாங்க

ஜப்பான்ல 1999 அக்டோபர்ல ஒகேகாவா ஸ்டேஷன் முன்னாடி ஒரு 21 வயசு மாணவிய குத்திக் கொன்னாங்க. குடும்பம் முன்னாடியே போலீஸுக்குப் போயிருந்துச்சு. நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டிய முறையான புகார, வெறும் தகவல் மனு மாதிரி போலீஸே திருத்தி எழுதினது பின்னாடி வெளிய வந்துச்சு. நம்ம சி.எஸ்.ஆர். கதைய ஒத்தே இருக்கு. ஆனா அங்க மூணு அதிகாரிங்க தண்டனை வாங்கினாங்க, 2000ல தனிச் சட்டமே வந்துச்சு, போலீஸ் எச்சரிக்கை, நெருங்கக்கூடாதுன்னு தடை உத்தரவு, மீறினா தண்டனைன்னு. அப்புறம் ஈமெயில், சோஷியல் மீடியா, ஜி.பி.எஸ். எல்லாம் ஒண்ணொண்ணா சேர்த்தாங்க.

தென் கொரியால 2021ல சட்டம் வந்துச்சு, ஆனா பாதிக்கப்பட்டவங்க வேணாம்னு சொன்னா தண்டிக்க முடியாதுன்னு ஒரு நிபந்தனை. அதனால குற்றவாளிங்க "வாபஸ் வாங்கு, சமாதானம் பேசு"ன்னு அதே பொண்ண இன்னும் துரத்தினாங்க. 2022 செப்டம்பர்ல சியோல் சின்டாங் ஸ்டேஷன்ல ஒரு மெட்ரோ ஊழியர, தன் கேஸ்ல தீர்ப்பு வர்றதுக்கு முந்தின நாள், கூட வேலை பார்த்தவன் கொன்னான். அவன காவல்ல வைக்கணும்னு போலீஸ் கேட்டப்ப கோர்ட் மறுத்திருந்துச்சு. 2023ல அந்த நிபந்தனைய தூக்கிட்டாங்க.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2020ல இருந்து, யாருக்கும் தண்டனை ஆகறதுக்கு முன்னாடியே போலீஸ் நேரா கோர்ட்டுக்குப் போய் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், மீறினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். நம்ம 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துலயும் பாதுகாப்பு உத்தரவு உண்டு, ஆனா அது குடும்ப உறவுக்குள்ள இருக்கறவங்களுக்கு, தெருவுல சுத்துற அந்நியனுக்கு செல்லாது.

பரங்கிமலை கேஸ்ல 2024 டிசம்பர்ல மகளிர் கோர்ட் தூக்கு தண்டனை கொடுத்துச்சு. 2025 ஜனவரில தமிழ்நாடு சட்டசபை பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு தண்டனைய கூட்டி திருத்தம் கொண்டு வந்துச்சு. கடுமையான தண்டனை வேணும், ஆனா தண்டனை வர்றது ஒரு பொண்ணு செத்தப்புறம். உயிர காப்பாத்துற இடம் முதல் புகார்ல இருக்கு.

இப்போதைக்கு கைல இருக்கறது

பாதுகாப்பு பொண்ணோட பொறுப்புன்னு சொல்ல வரல, இருக்கற வழி தெரியட்டும்னு எழுதறேன்.

1. இல்லைங்கறத ஒரு தடவை எழுத்துல சொல்லிடுங்க, மெசேஜா இருந்தாலும் போதும். சட்டம் கேக்குற "தெளிவா விருப்பமின்மை காட்டினது" அதுதான். அதுக்கப்புறம் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

2. எதையும் டெலீட் பண்ணாதீங்க. நம்பர், தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான இன்னொருத்தருக்கும் அனுப்பி வைங்க.

3. புகார்ல 78ஆவது பிரிவ குறிப்பிட்டு எஃப்.ஐ.ஆர். கேளுங்க, எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம். மறுத்தா எஸ்.பி.க்கு இல்ல கமிஷனருக்கு தபால்ல அனுப்பலாம், அங்கயும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட். மன்னிப்புக் கடிதத்தோட முடிக்க சம்மதிக்காதீங்க.

4. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்றத்துக்கு 1930.

5. அவனுக்கு ஜாமீன் கிடைச்சா, தொடர்பு கொள்ளக்கூடாது, நெருங்கக்கூடாதுன்னு நிபந்தனை கேக்க வக்கீல் மூலமா மனு போடுங்க. அவன் மீறினா ஜாமீன ரத்து பண்ணக் கேக்கலாம்.

பெத்தவங்களுக்கு: அவ சொன்ன அன்னைக்கு அவ போன பிடுங்காதீங்க. சாட்சி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

அவனோட ஃப்ரெண்ட்ஸுக்கும் ஒண்ணு இருக்கு, ஏன்னா போலீஸுக்கு முன்னாடி, வீட்டுக்கு முன்னாடி விஷயம் தெரியுறது அவங்களுக்குத்தான். நம்பர் வாங்கித் தராதீங்க, அவ எந்த பஸ்ல வர்றான்னு சொல்லாதீங்க, பைக்க குடுக்காதீங்க. "எனக்கு கிடைக்கலன்னா எவனுக்கும் கிடைக்கக்கூடாது"ன்னு அவன் சொல்ற நாள், குடிச்சுட்டு உளர்றான்னு விட்டுடாம அந்தப் பொண்ணு வீட்டுக்கு அன்னைக்கே ஒரு போன் போடுங்க.